வேலிக்கு ஓலை மறைப்பா, பச்சை மறைப்பா?
கரிசல் காட்டுத் தோட்டக்காரர்கள் கவனத்துக்கு

ஆனி பிறந்துவிட்டால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மேற்குக் காற்று ஓயாது. மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வரும்போது வெறும் காற்றாக, ஈரப்பசை இல்லாத காற்றாக அது வீசுகிறது. காலையில் தண்ணீர் பாய்ச்சிய கத்தரிப் பாத்தி மாலைக்குள் வெடிப்பு விடுகிறது. முருங்கைக் கிளை முறிகிறது. அவரைப் பூ உதிர்கிறது. கிணற்றில் இருப்பது அரை மணி நேரத் தண்ணீர். அதையும் காற்று பங்கு போட்டுக்கொள்கிறது.

தோட்டத்துக்கு வேலி இல்லாமல் இல்லை. கல் ஊன்றி முள்கம்பி இழுக்காத தோட்டம் இப்போது அபூர்வம். ஆனால் முள்கம்பி மாட்டைத் தடுக்குமே தவிர, காற்றைத் தடுக்காது. புழுதியைத் தடுக்காது. கம்பிக்கு அடியில் நுழையும் வெள்ளாட்டுக் குட்டியைத் தடுக்காது. மோட்டார் தொட்டியில் குளிக்கும் பெண்பிள்ளைகளுக்கு மறைவும் தராது. எனவேதான் கம்பி வேலியில் எதையாவது மறைப்பாகக் கட்டும் வழக்கம் ஏற்பட்டது. பனையோலைத் தட்டி, தென்னங்கிடுகு, சோளத்தட்டைப் படல், பருத்திமார் என்று கைக்கு அகப்பட்டதைக் கட்டுகிறோம். இவை நல்ல மறைப்புத்தான். ஆனால் நம் வட்டாரத்தில் இவற்றை எப்படிக் கட்டுவது, எத்தனை நாளைக்கு வைத்திருப்பது என்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். அந்தக் கண்டிப்பை நான் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்துக்குப் பிறகுதான்.

ஒரு பங்குனி இரவு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பத்து சென்ட் வீட்டுத் தோட்டத்தின் மேற்கு வேலி முழுவதும் பனையோலைத் தட்டி கட்டினோம். ஆறடி உயரம், இடைவெளியே இல்லாத கட்டு. அவிழாமல் இருக்க வேண்டும் என்று கட்டுக்கம்பியால் முறுக்கி இறுக்கியிருந்தோம். பார்க்க அழகாக இருந்தது. ஆடிக் காற்றில் இரண்டு கல் சாய்ந்தது ஒன்றுதான் குறை.

அடுத்த பங்குனிப் பொங்கல் இரவில், எங்கிருந்தோ வந்த ஒரு ராக்கெட் அந்தத் தட்டியில் விழுந்தது. யார் விட்டது என்று கேட்டுப் பயனில்லை. திருவிழாக் காலத்தில் நம் ஊர் வானத்தில் எத்தனை போகிறது என்று யார் எண்ணுவது? ஓலை ஆறு மாத வெயிலில் காய்ந்து சருகாகியிருந்தது. பத்து நிமிடத்துக்குள் வேலி நெடுகத் தீ ஓடிவிட்டது. தட்டியை இழுத்துக் கீழே தள்ளலாம் என்று ஓடினால் கட்டுக்கம்பி விடவில்லை. சொட்டுநீர்க் குழாய் உருகிப் போயிற்று. காய்க்கத் தொடங்கியிருந்த இரண்டு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் கருகின. வேலிக் கோடியில் ஆட்டுக் கொட்டில் இருந்தது. ஆடுகளை அவிழ்த்துவிட்டு, இனி கொட்டில் போனது போனதுதான் என்று நின்றோம்.

ஆனால் கொட்டிலுக்குப் பன்னிரண்டு அடி முன்னாலேயே தீ நின்றுவிட்டது. காரணம் எங்கள் புத்திசாலித்தனம் அல்ல. ஓலை போதாமல் அந்தப் பன்னிரண்டு அடி மட்டும் தட்டி கட்டாமல் விட்டிருந்தோம். அங்கே பழைய ஆடாதோடைப் புதரும், கம்பியில் தானாக ஏறிய பிரண்டையும் இருந்தன. இலைகள் வாடிச் சுருண்டன. புதர் பற்றவில்லை. காசு கொடுத்துக் கட்டிய மறைப்பு எரிந்தது, காசில்லாமல் வளர்ந்த மறைப்பு கொட்டிலைக் காத்தது.

தீ என்றால் என்ன என்பதை இந்த வட்டாரத்து மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நேர்ந்ததை ஒருவரும் மறக்கவில்லை. பட்டாசுத் தொழிற்கூடங்களில் அறைகளைச் சுற்றிக் காய்ந்த புல், புதர் இல்லாமல் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். அதே ஊரில் நம் தோட்டத்தைச் சுற்றி நாமே காய்ந்த ஓலையை மாலைபோல் கட்டி வைப்பது எப்படிப் பொருந்தும்? ஆகவே இந்தக் கட்டுரையின் யோசனை இதுதான்: ஓலைத் தட்டி முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டும். அந்த இரண்டு ஆண்டில் அதன் நிழலிலும் அணைப்பிலும் பச்சை மறைப்பை வளர்த்து எடுத்துவிட வேண்டும். பிறகு ஓலையை அவிழ்த்துவிட வேண்டும்.

காற்றுக்கு வழி விடுங்கள்

மறைப்பு என்றவுடன் சுவர்போல் அடைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். அது தவறு. முழுதாக அடைத்த மறைப்பில் மோதும் காற்று மேலே எழும்பி, அடுத்த பக்கம் சுழன்று விழுகிறது. வேலியை ஒட்டிய செடிக்கு மட்டும் பாதுகாப்புக் கிடைக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் செடியைச் சுழல் காற்று முறுக்கும். பாதிக்குப் பாதி திறப்புள்ள மறைப்புதான் சிறந்தது. காற்றைத் தடுத்து நிறுத்தாமல் அது வடிகட்டி, வேகம் தணித்து உள்ளே விடுகிறது.

இப்படிப்பட்ட மறைப்பு தன் உயரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆறடி மறைப்பு அறுபது அடி வரை காக்கும். பத்து சென்ட் தோட்டம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 66 அடிதான். எனவே மேற்குப் பக்கம் ஒன்றை ஒழுங்காக மறைத்தாலே ஆனி, ஆடிக் காற்றுக்கு ஏறக்குறைய முழுத் தோட்டமும் தப்பும். நான்கு பக்கமும் மறைக்கச் செலவழிக்க வேண்டாம். அடுத்ததாக வசதிப்பட்டால் தெற்குப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். கிழக்கும் வடக்கும் திறந்தே இருக்கட்டும். காலை வெயில் காய்கறிக்கு அவசியம்.

காற்று தணிந்தால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் தண்ணீர் குறைகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும் நம் மாவட்டத்தில், மறைப்பு என்பது அழகுக்குச் செய்யும் காரியமல்ல. கிணற்றுத் தண்ணீரைக் காப்பாற்றும் காரியம்.

தட்டி கட்டும் முறை

முதலில் வேலிக் கற்களைச் சோதியுங்கள். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது கல்லைப் பிடித்திருக்கும் மண் விலகிவிடும். வெறும் கம்பி மட்டும் இருக்கும்வரை கல் நிற்கும். தட்டி கட்டினால் அது கப்பல் பாய்போல் காற்றை வாங்கும், கல் சாயும். எனவே கல்லை இரண்டடி ஆழம் ஊன்றி, குழியில் கரிசல் மண்ணையே போடாமல் சரளையும் உடைகல்லும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். மூலைக் கற்களுக்கு உட்புறம் சாய்வுக் கல் கொடுப்பது நல்லது.

ஓலைக்காகப் பனையை மொட்டையடிக்க வேண்டாம். அடிவரிசையில் முற்றிய ஓலைகளை மட்டும் எடுத்தாலே போதும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்ததும் நினைவிருக்கலாம். வெட்டிய ஓலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கல் ஏற்றி, சில நாள் வைத்தால் தட்டையாக அமரும். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கம் உள்ளவர்கள் தென்னங்கிடுகு பின்னிக் கட்டலாம். பனையோலை அளவுக்கு அது உழைக்காது.

ஒரு தட்டி ஆறடி நீளம், ஐந்தடி உயரம் இருக்கட்டும். வரிச்சு மூன்று வரிசை போதும். ஓலைகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு வரியுங்கள். தட்டியின் அடி மண்ணில் படக்கூடாது. மூன்று அங்குலமாவது தூக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மழைக்குள் கரையான் ஏறிவிடும். அடியில் இடைவெளி இருந்தால் மழைத் தண்ணீரும் தடையின்றி ஓடும், பாம்பு அண்டினாலும் கண்ணில் படும்.

கட்டுவதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம். தேங்காய் நார்க் கயிறு அல்லது பனைநார் போதும். ஆபத்துக் காலத்தில் ஒரு அரிவாள் வீச்சில் தட்டி கீழே விழ வேண்டும். நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம்.

மேற்குப் பக்கம் 66 அடி என்றால் மூன்று தட்டி, அதாவது 18 அடி, பிறகு 6 அடி வெறும் இடம், மறுபடி 18 அடி, 6 அடி வெறும் இடம், கடைசியாக 18 அடி. ஒன்பது தட்டியில் வேலை முடியும். அந்த ஆறடி வெறும் இடங்கள்தான் தீத்தடுப்பு. அங்கே ஓலை ஒன்றுகூட வைக்காமல் பச்சைக் கொடி மட்டுமே ஏற்ற வேண்டும். முதல் ஆண்டு கொடி படராமல் வெறும் கம்பியாக இருந்தாலும் பாதகமில்லை. அந்த இடத்துக்கு நேரே மென்மையான காய்கறியை வைக்காமல் வெண்டை, சோளம் போன்றவற்றைப் போடுங்கள்.

வைக்கோற்படப்பு, ஆட்டுக் கொட்டில், மோட்டார் அறை இவற்றை ஒட்டிய வேலியில் தட்டி கட்டவே கூடாது. பட்டாசுத் தொழிற்கூடத்துக்கோ கிடங்குக்கோ அடுத்த தோட்டமாக இருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் ஓலையைத் தவிர்த்து, தொடக்கத்திலிருந்தே பச்சை மறைப்புத்தான். வளர இரண்டு ஆண்டு ஆகும் என்றாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பருத்திமார் கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

கரிசல் காட்டில் செலவில்லாமல் கிடைப்பது பருத்திமார். அதைப் படலாகப் பின்னி வேலியில் சார்த்துவது பழைய வழக்கம். ஆனால் மாரில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெடிக்காத காய்களுக்குள் இளஞ்சிவப்புக் காய்ப்புழு உறங்கிக் கிடக்கும். அடுத்த பருத்தி காய்பிடிக்கும் நேரத்தில் அந்துப்பூச்சியாக வெளியே வரும். பக்கத்துக் காட்டுப் பருத்திக்கு நம் வேலியே புழு வளர்க்கும் பண்ணையாகிவிடும். காய், இலை, பிஞ்சு அனைத்தையும் உதிர்த்து எரித்துவிட்டு, வெறும் குச்சியை மட்டும் கட்டுவதானால் கட்டலாம். அதற்கு நேரமில்லை என்றால் பருத்திமாரை வேலிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

யாழ்ப்பாணத்து ஓலை வேலி

ஓலையையும் உயிர்ச்செடியையும் ஒன்றாக வைத்து வேலி கட்டுவதில் பேர்போனவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அங்கே கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை போன்றவற்றின் கிளைகளை வெட்டி வரிசையாக நடுகிறார்கள். அவை வேர்பிடித்துத் தளிர்க்கும். அந்த உயிர்த் தூணுக்குக் கதியால் என்று பெயர். கதியாலில் பனையோலையையோ கிடுகையோ கட்டி மறைப்பார்கள். தூண் உளுத்துப்போகும் என்ற கவலை இல்லை. கிளைகளை வெட்டினால் ஆட்டுக்கு இலை, வயலுக்குத் தழை. ஓலை பழசானால் அதை எரிப்பதில்லை. தோட்டத்து மண்ணில் புதைத்து உரமாக்குவார்கள். இப்போது அங்கும் மதில்கள் பெருகிவிட்டன. ஆனாலும் இந்த முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. தூண் உயிருள்ளதாக இருக்கலாம். பழைய ஓலையை மண்ணுக்குள் அனுப்பலாம்.

நம் கல் தூண்களுக்கு நடுவே இரண்டடிக்கு ஒன்றாகக் கிளுவைப் போத்து ஊன்றுவது இந்த முறைக்கு ஒப்பானது. மணிக்கட்டுப் பருமன், ஐந்தடி நீளமுள்ள போத்தை ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றினால் மழைக்குத் தளிர்த்துவிடும். ஒரு குறை உண்டு. கிளுவை கோடையில் இலை உதிர்த்து முள்ளும் குச்சியுமாக நிற்கும். அது வேலிக்கு நல்லது, மறைப்புக்குப் போதாது. ஆகவே கிளுவையைத் தூணாக மட்டும் வைத்துக்கொண்டு, மறைப்பு வேலையை வேறு செடிக்குக் கொடுக்க வேண்டும்.

எந்தச் செடி?

நம் வட்டார மறைப்புச் செடிக்கு நான்கு குணம் வேண்டும். கோடையில் இலை உதிர்க்கக் கூடாது. வெள்ளாடு மேயக் கூடாது. வெட்ட வெட்ட அடியிலிருந்து கிளைக்க வேண்டும். எளிதில் தீப்பற்றக் கூடாது. இந்த நான்கையும் வைத்துப் பார்த்தால் சில செடிகளே தேறுகின்றன.

ஆடாதோடை: முதல் இடம் இதற்குத்தான். ஆடு தொடாத இலை. ஆண்டு முழுவதும் பச்சை. முற்றிய குச்சியை வெட்டி நட்டால் வேர்பிடிக்கும். கவாத்துச் செய்த இலையைத் தழை உரமாகப் போடலாம்.

நொச்சி: இதையும் ஆடு விரும்பாது. பத்தடி வரை போகும், ஆகவே ஆண்டுக்கு இருமுறை வெட்ட வேண்டும். தானியக் குதிரில் போட்டு வைக்க இலை கிடைக்கும்.

மருதாணி: வறட்சியை நன்றாகத் தாங்கும். வெட்ட வெட்ட நெருங்கி வளரும். இலைக்கு வீட்டிலும் வெளியிலும் தேவை உண்டு.

கொடுக்காப்புளி: விதை போட்டு, மரமாக விடாமல் வெட்டிக்கொண்டே வந்தால் முள்ளும் இலையுமாக நல்ல அடைப்பு. இளம்பருவத்தில் ஆடு கடிக்கும். தட்டிக்கு உட்புறம் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மூலைக்கு ஒன்றை மட்டும் மரமாக விட்டால் பிள்ளைகளுக்குப் பழம்.

திருகுகள்ளி: தண்ணீரே கேட்காது, ஆடும் சீண்டாது. ஆனால் இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் நடமாடும் வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். காட்டுப் பக்கத்து வேலிக்கு வைக்கலாம். வெட்டும்போது முகத்தைத் திருப்பி, முழுக்கைச் சட்டை போட்டு வெட்ட வேண்டும்.

ரயில் கற்றாழை: ரயில் பாதை ஓரம் வேலியாக வைக்கப்பட்டதால் வந்த பெயர். சாறு நிறைந்த மடல், எளிதில் பற்றாது. ஆறடித் தீத்தடுப்பு இடங்களில் இதை அடியில் வைத்து, மேலே கொடி ஏற்றுவது சிறந்த ஏற்பாடு. காய்ந்த அடிமடலை மட்டும் அவ்வப்போது அறுத்தெடுக்க வேண்டும்.

நடவும் தண்ணீர்க் கணக்கும்

நடவுக்கு ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரத்தில் நட்டால் தை வரை தண்ணீர்ச் செலவு அதிகமில்லை. ஆடியில் நட்டுவிட்டுக் குடம் தூக்க வேண்டாம்.

வேலியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் நெடுகக் கால்வாய் வெட்டுங்கள். அடியில் மட்கிய குப்பை போட்டு மண்ணை மூடி, கால்வாயை ஒரு சாண் பள்ளமாகவே விடுங்கள். மழைத் தண்ணீர் அதில் தங்கும். இரண்டு வரிசை, வரிசையில் ஒரு அடிக்கு ஒரு செடி, ஒரு வரிசைச் செடிக்கு நேரே மறு வரிசையில் இடைவெளி வருமாறு மாற்றி மாற்றி நட வேண்டும். 66 அடிக்கு 132 செடி பிடிக்கும்.

செடிக்கு இரண்டு லிட்டர் என்றால் ஒருமுறைக்கு 264 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 18 குடம். மாசி முதல் ஆடி வரை வாரம் ஒருமுறை கொடுத்தால் 26 வாரத்துக்குச் சுமார் 7,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் ஒரு டேங்கர் லாரியில் பாதிக்குச் சற்று மேல். இது முதல் ஆண்டுக்கு மட்டும். இரண்டாம் கோடையில் பாதி கொடுத்தால் போதும். மூன்றாம் கோடையில் ஆடாதோடையும் நொச்சியும் மருதாணியும் தாமே சமாளித்துக்கொள்ளும். குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் இந்தக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டால், கிணற்றிலிருந்து எடுக்க வேண்டியது இன்னும் குறையும்.

செடி மூன்றடி வளர்ந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டடியில் தலை வெட்ட வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வளர்ந்த செடியை வெட்ட மனம் வராமல் விட்டால், மேலே குடைபோல் விரிந்து அடியில் வெறும் தண்டாக நிற்கும். ஆட்டுக்குட்டி நுழைய அதுவே வாசல். வெட்டினால் அடியிலிருந்து நான்கைந்து கிளை வரும். அடுத்து நான்கடியில் ஒரு வெட்டு. பிறகு ஆறடியில் நிறுத்திக்கொள்ளலாம்.

கம்பியில் ஏற்றும் கொடிகள்

புதர்ச் செடி வளர்வதற்குள் கம்பியைப் பச்சையாக்குவது கொடிகள்தான். பிரண்டையைப்போல் நம் மண்ணுக்கு ஏற்ற வேலிக்கொடி வேறில்லை. இரண்டு கணு உள்ள துண்டை மண்ணில் செருகினால் போதும். தண்டு முழுவதும் சாறு. எந்தக் கோடையிலும் காயாது. துவையலுக்கும் ஆகும். கோவைக்கொடி கிழங்கு வைத்திருப்பதால் வறட்சியில் மேலே காய்ந்தாலும் மழைக்கு மீண்டும் துளிர்க்கும். சீந்தில் வேப்பமரத்திலும் ஏறும், வேலியிலும் ஏறும். தூதுவளை முள்ளோடு படரும். வேலிப்பருத்திக்குப் பெயரே அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. சங்குப்பூ, முடக்கத்தான், முசுமுசுக்கை இவற்றையும் கலந்து விடலாம்.

தண்ணீர் உள்ளவர்கள் ஆடிப்பட்டத்தில் அவரை, பீர்க்கு, பாகல் ஏற்றினால் வேலியே காய் கொடுக்கும். ஆனால் இவை பருவம் முடிந்ததும் காய்ந்த சருகாகத் தொங்கும். அறுவடை முடிந்த அன்றே கொடியை இழுத்துக் குப்பைக் குழியில் போட்டுவிட வேண்டும். தை மாதம் பார்த்தால் பல வேலிகளில் காய்ந்த பீர்க்கங்கொடி அப்படியே கிடக்கிறது. ஓலைக்குச் சொன்ன தீ எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

கொடியை நேராக முள்கம்பியில் ஏற்றினால் ஈரம் தங்கிக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். பழுது பார்க்கக் கைவிட்டால் முள் குத்தும். கல்லுக்குக் கல் நார்க்கயிறு மூன்று வரிசை தனியே இழுத்து, அதில் கொடியை ஏற்றுவது நல்லது. உயிர்த் தூணில் கட்டும்போதும் கயிறுதான். கம்பி கட்டினால் மரம் பருக்கும்போது பட்டைக்குள் புதைந்து மரத்தை அறுத்துவிடும்.

வேலியே பயிரை மேயாமல்

பழமொழியில் மட்டுமல்ல, தோட்டத்திலும் வேலி பயிரை மேயும். மறைப்புச் செடியின் வேர் காய்கறிப் பாத்திக்குள் வந்து தண்ணீரையும் உரத்தையும் எடுத்துக்கொள்ளும். செடி வரிசைக்கும் முதல் பாத்திக்கும் இடையே மூன்றடி நடைபாதை விட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பாதையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கீறிவிட்டால் உள்ளே வரும் வேர் அறுபடும். அந்தக் கீறலிலேயே பழைய தட்டியின் ஓலையைப் போட்டு மண் மூடலாம்.

பூச்சிக்கும் வேலி புகலிடமாகும். வேலியோரத் துத்தியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி குடியிருந்து, அங்கிருந்து பருத்திக்கும் பப்பாளிக்கும் போகும். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பப்பாளி மாவுப்பூச்சி செய்த நாசத்தையும், 2010-ல் ஒட்டுண்ணிக் குளவியை விட்டு அதை அடக்கியதையும் விவசாயிகள் அறிவார்கள். அழகுக்காகச் செம்பருத்தி வேலி வைப்பதானால் பருத்திக் காட்டிலிருந்து தள்ளி வையுங்கள். துத்தியைப் பூக்குமுன் பிடுங்குங்கள். வெள்ளைப் படிவு கண்டால் அந்தக் கிளையை உடனே வெட்டி அழியுங்கள். சந்தேகம் இருந்தால் கிளையை ஒரு பையில் கட்டி, அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்திலோ, அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம்.

வேலிக்கு என்று வந்து நிலத்தையே பிடித்துக்கொண்ட செடிகளின் கதை நமக்குப் புதிதல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியை வேலிக்கு வைத்தார்கள். அது வேலியைத் தாண்டிப் புறம்போக்கையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடியது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. அதற்கு அடுத்து வந்தது சீமைக் கருவேல். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அது பிழைப்புத் தருகிறது என்பது உண்மை. ஆனால் கண்மாயையும் தரிசையும் அது எப்படிப் பிடித்தது என்று எல்லாரும் பார்த்தோம். அதை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிடும் அளவுக்குப் போயிற்று. முள் நன்றாக இருக்கிறது, தண்ணீர் விட வேண்டாம் என்று அதை வேலிக்கு விடாதீர்கள். ஆடு நெற்றைத் தின்று விதையைத் தோட்டமெங்கும் போட்டுவிடும்.

அண்டை நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடுவது நல்லது. எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நட்டால், வெட்டுவதற்கு அவர் நிலத்தில் கால் வைக்க வேண்டியதில்லை, வரப்புச் சண்டையும் இல்லை.

பச்சை வலை போதாதா?

கடையில் விற்கும் பச்சை நைலான் வலையை வாங்கி ஒரே நாளில் கட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு அது உதவும். காற்றையும் பாதி வடிகட்டும். ஆனால் நம் வெயிலில் சில ஆண்டில் இற்று நார் நாராகப் பறக்கும். அந்தத் துண்டு மண்ணில் மட்காது. ஆடு மாடு தின்றால் வயிற்றில் தங்கும். தீப்பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். வேலியில் தீக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் நம் நோக்கம் என்றால், ஓலையைவிட வலை எந்த விதத்திலும் மேலானதல்ல.

மூன்று ஆண்டுத் திட்டம்

சுருக்கமாகச் சொன்னால், முதல் ஆண்டு புரட்டாசிக்குள் கல்லைக் கெட்டித்து, கால்வாய் வெட்டி, ஐப்பசி மழைக்குப் போத்தும் செடியும் நட வேண்டும். மழை ஓய்ந்து, மாசி பிறந்த பின் தட்டி கட்டினால் போதும். மழையில் ஓலை நனைந்து கெடாது, கோடைக் காற்றுக்கும் ஆயத்தமாக இருக்கும். திருவிழா நாட்களிலும் தீபாவளியிலும் மாலையில் தட்டிக்குத் தண்ணீர் தெளித்து, இரண்டு குடத்தை வேலியோரம் நிறைத்து வையுங்கள். இரண்டாம் ஆண்டு செடி நான்கடி வந்த இடங்களில் தட்டியை ஒவ்வொன்றாக அவிழ்த்து மண்ணில் புதையுங்கள். மூன்றாம் ஆண்டு பங்குனிக்குள் வேலியில் ஓலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எங்கள் மேற்கு வேலி இன்று ஆடாதோடையும் மருதாணியும் பிரண்டையுமாக நிற்கிறது. ஆடியில் கத்தரிப் பாத்திக்கு முன்பு மூன்று நாளைக்கு ஒரு தண்ணீர் விட்டோம். இப்போது ஐந்து நாள் தாங்குகிறது. பங்குனிப் பொங்கல் இரவில் வானத்தில் ராக்கெட் போகும்போது வீட்டுப் பிள்ளைகளோடு நானும் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். வேலிப் பக்கம் குடத்தோடு ஓடவேண்டிய வேலை இல்லை.